ஆலைகளுக்கு அருகே வாழ்பவர்கள் காற்றைக் கவனிப்பதும் பதிவு செய்வதும் எப்படி?

மணலியிலும் எண்ணூரிலும் நள்ளிரவில் நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை மறுநாள் காலையில் அதைப் பற்றி எந்த அலுவலகத்திலும் சொல்வதில்லை. சொல்லப் போனால், எந்த ஆலையிலிருந்து வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, என்ன வாயு என்று மூன்று கேள்விகள் எழும். மூன்றுக்கும் கையில் விடை இருக்காது. அந்தக் கேள்விகளுக்கு ஓரளவு நம்பத்தகுந்த விடையை அங்கே வாழும் மக்களே சொல்ல முடியும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு வேண்டியவை ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கடிகாரம், காற்றின் திசையைக் கவனிக்கும் பழக்கம், பழகிய மூக்கு ஆகியவைதான். இவற்றைப் பயன்படுத்தும் முறையையும், ஆலைக் காற்று உடலுக்குள் சென்று என்ன செய்கிறது என்பதையும் இந்த வழிகாட்டி விளக்குகிறது. வடசென்னையை எடுத்துக்காட்டாகக் கொண்டிருந்தாலும், கடலூர், இராணிப்பேட்டை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் இருப்பவர்களும் தங்கள் ஊர் ஆலைகளை இதில் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

எது எங்கிருந்து வருகிறது?

முதல் வேலை, வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கும் ஆலைகளின் பட்டியலைத் தயாரிப்பது. ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் வீட்டைக் குறித்து, நான்கு திசைகளிலும் உள்ள புகைபோக்கிகள், நிலக்கரிக் கிடங்குகள், சாம்பல் குளங்கள், எண்ணெய்த் தொட்டிகள் ஆகியவற்றை வரைந்துகொள்ள வேண்டும். வடசென்னையில் இந்த வரைபடம் விரைவில் நிரம்பிவிடும். 1960களின் பிற்பகுதியில் மணலிக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது; அதையொட்டி உர ஆலையும் பெட்ரோலிய வேதிப்பொருள் ஆலைகளும் வந்தன. எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே வடசென்னை அனல் மின் நிலையமும், 1,500 மெகாவாட் திறன்கொண்ட வல்லூர் அனல் மின் நிலையமும் இயங்குகின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, 70 மதிப்பெண்ணைத் தாண்டிய 43 இடங்களைக் கடுமையாக மாசடைந்தவை என அறிவித்தது. 76.32 மதிப்பெண் பெற்ற மணலி அவற்றில் ஒன்று.

புகைபோக்கியிலிருந்து வருவது மட்டுமே மாசு என்று எண்ணுவது பலரும் செய்யும் பிழை. நிலக்கரியை எரிக்கும்போது அதிலுள்ள கந்தகம் கந்தக டை ஆக்சைடாக மாறுகிறது. கொதிகலனின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனுடன் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. எரியாத கனிமப் பகுதி சாம்பலாகிறது. இந்திய நிலக்கரியில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு சாம்பல்தான். அதில் பெரும்பகுதியை மின்னியல் வடிகட்டிகள் பிடித்துவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் பிடித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குளங்களில் கொட்டுகிறார்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் அந்தக் குளங்களின் ஓரங்கள் காய்ந்ததும் காற்று அதை அள்ளிக்கொண்டு வருகிறது. கப்பலிலிருந்து இறக்கும்போதும், நகரும் பட்டைகளின் வழியே கொண்டுசெல்லும்போதும், திறந்தவெளியில் குவித்து வைக்கும்போதும் நிலக்கரித் தூள் தனியாகப் பறக்கிறது.

சுத்திகரிப்பு ஆலையின் மாசு வேறு வகையானது. ஆயிரக்கணக்கான வால்வுகள், குழாய் இணைப்புகள், பம்புகள் ஆகியவற்றில் ஏற்படும் மிகச் சிறிய கசிவுகள் ஒன்று சேர்ந்து பென்சீன், டொலுவீன் போன்ற எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களைக் காற்றில் கலக்கின்றன. கச்சா எண்ணெயிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் பிரிவில் கோளாறு ஏற்பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறும். மின்சாரம் தடைபட்டாலோ, ஆலையை நிறுத்தித் திரும்ப இயக்கினாலோ, மிகுந்துபோன வாயு உயரமான குழாயின் உச்சியில் எரிக்கப்படும். அந்தத் தீச்சுடர் கரும்புகையோடு எரிந்தால் எரிதல் முழுமையாக நடக்கவில்லை என்று பொருள். இத்தகைய நாட்கள் ஆண்டில் சிலவே ஆனாலும், நோட்டில் கட்டாயம் இடம்பெற வேண்டியவை அவைதாம்.

கண்ணால் பார்த்து முடிவு செய்வதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து பெரிய வெள்ளை மேகமாக எழுவது பெரும்பாலும் நீராவி. அது சிறிது தூரம் சென்றதும் காணாமல் போய்விடும். வெகுதூரம் மங்கலாகக் கிடைமட்டமாக நீள்வதும், சாம்பல் நிறத்திலோ மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்திலோ தெரிவதும்தான் கவலைக்குரியவை. கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, பென்சீன் ஆகியவற்றுக்கு நிறமே கிடையாது. எனவே, வானம் தெளிவாக இருப்பதை வைத்துக் காற்று நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது.

வீட்டில் படியும் தூசு எது என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. துடைத்துக் காயவைத்த எவர்சில்வர் தட்டை மொட்டை மாடியில் ஒரு நாள் முழுவதும் வைத்து, மறுநாள் அதே நேரத்தில் வெள்ளைப் பஞ்சால் துடைத்துப் பார்க்க வேண்டும். நிலக்கரித் தூள் கருப்பாகவும், பறக்கும் சாம்பல் விரலில் மாவு போல வழுக்கும் சாம்பல் நிறமாகவும், தெருமண் பழுப்பாகவும் இருக்கும். பஞ்சைச் சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தேதியை எழுதி வைக்கலாம். இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது. ஆனாலும் இருபது வீடுகளில் ஒரே நாளில் செய்தால், எந்தத் தெருவில் எது அதிகம் என்பது தெளிவாகிவிடும்.

காற்றின் திசையும் நேரமும்

வெளியேறும் மாசின் அளவு ஒன்றாகவே இருந்தாலும், அது யார் மூக்கை அடைகிறது என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. கடற்கரை ஊர்களில் பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்நாட்டை நோக்கி வீசும். இரவு முற்றியதும் நிலக்காற்று கடலை நோக்கித் திரும்பும். இதனால், கடலோரத்தில் உள்ள ஆலையின் புகை மாலையில் மணலிப் பக்கமும், மணலி ஆலைகளின் வாடை பின்னிரவில் திருவொற்றியூர், எர்ணாவூர்ப் பக்கமும் செல்வதற்கு வாய்ப்பு அதிகம். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் எண்ணூரின் அனல் மின் நிலையப் புகை நகரத்தை நோக்கித் திரும்புகிறது. எண்ணூர் மீனவர்களுக்கு இவையெல்லாம் புதிய செய்தியல்ல. வாடை, கொண்டல், தென்றல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்துத் தொழில் செய்யும் அவர்களில் ஒருவரேனும் பதிவுக் குழுவில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன். திசைகாட்டும் செயலியைவிட அவர் சொல்லும் திசை பயனுள்ளது.

இரவிலும் விடியற்காலையிலும் நாற்றம் மிகுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பகலில் தரை சூடாகி, காற்று மேலெழும்பி, மாசைக் கலைத்துவிடும். மார்கழி, தை மாதங்களின் இரவுகளில் தரை விரைவாகக் குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயும் சற்று வெப்பமான காற்று மேலேயும் நின்றுவிடுகிறது. பானைக்கு மூடி போட்டதுபோல, தரையருகே வெளியேறும் புகையும் கசிவும் அந்த அடுக்கைத் தாண்டி மேலே செல்ல முடிவதில்லை. லண்டன் மாநகரில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை காற்று இப்படித்தான் மூடிக்கொண்டது. நிலக்கரிப் புகையில் சில நாட்களிலேயே ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள்; பிந்தைய ஆய்வுகள் அதை 12,000 வரை உயர்த்தின. இறந்தவர்களில் பெரும்பாலோர் முன்பே இதய, நுரையீரல் நோய் இருந்த முதியவர்கள்.

உயரமான புகைபோக்கி இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்ற வாதம் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறன்கொண்ட அலகுகளுக்கு 275 மீட்டர் உயரம் என்பது நெடுநாள் விதி. உயரம் கூடினால் அருகிலுள்ள தெருவில் அளவு குறையும் என்பது சரிதான். ஆனால் மாசின் அளவு ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. தூரத்து ஊர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது, அவ்வளவே. போகும் வழியில் கந்தக டை ஆக்சைடு சல்பேட் நுண்துகளாகவும் மாறுகிறது. கந்தகத்தைப் புகைபோக்கிக்கு முன்பே பிடிக்கும் கருவியை அமைக்கத் தூண்டும் உமிழ்வு வரம்புகளை மத்திய அரசு 2015 டிசம்பரில் வெளியிட்டு, முதலில் 2017ஆம் ஆண்டைக் கெடுவாக வைத்தது. பின்னர் அந்தக் கெடு பலமுறை தள்ளிப்போடப்பட்டது. உங்கள் ஊர் நிலையத்தில் அந்தக் கருவி எந்த நிலையில் இருக்கிறது என்பது, எழுத்தில் கேட்டுப் பெற வேண்டிய முதல் தகவல்களில் ஒன்று.

உடலுக்குள் நடப்பது

தூசு எவ்வளவு சிறியதோ அவ்வளவு ஆழமாகச் செல்லும். தலைமுடியின் குறுக்களவு ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 10 மைக்ரானுக்குக் கீழ்ப்பட்ட துகள் மூக்கைத் தாண்டி மூச்சுக் குழாய்களை அடையும், 2.5 மைக்ரானுக்குக் கீழ்ப்பட்ட நுண்துகள் நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை சென்று தங்கும். அதனினும் சிறியவை இரத்தத்தில் கலக்கவும் கூடும். கண்ணில் விழுந்து உறுத்தும் பெருந்தூசைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். உண்மையில் அதைச் சளியும் தும்மலும் வெளியேற்றிவிடும். அஞ்ச வேண்டியது கண்ணுக்குத் தெரியாததை.

நுண்துகள் தங்கிய இடத்தில் அழற்சி உண்டாகிறது. அந்த அழற்சி நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதித்து, இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. ஆகவேதான் காற்று மாசால் நேரும் மரணங்களில் மாரடைப்பும் பக்கவாதமும் பெரும் பங்கு வகிக்கின்றன. புகைப் பகுதியில் வாழ்பவருக்கு மாரடைப்பு வந்தால் எண்ணெய்ப் பலகாரத்தையும் சர்க்கரையையும் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவர் நாற்பது ஆண்டுகள் சுவாசித்த காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். வெளிப்புறக் காற்று மாசையும் அதிலுள்ள துகள்களையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் வகைப்படுத்தியது. பென்சீன் அதற்கு முன்பே அந்தப் பட்டியலில் இருந்தது. அது எலும்பு மஜ்ஜையைப் பாதித்து இரத்தப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும்.

வாயுக்கள் செயல்படும் வேகம் வேறு. கந்தக டை ஆக்சைடு ஈரத்தில் எளிதில் கரைவதால் மூக்கிலும் தொண்டையிலும் மேல் மூச்சுக் குழாயிலும் எரிச்சலை உண்டாக்கும். ஆஸ்துமா உள்ளவர் ஓடியாடும் நேரத்தில் அதைச் சுவாசித்தால் சில நிமிடங்களிலேயே மூச்சுக் குழாய் சுருங்கிவிடும். நைட்ரஜன் டை ஆக்சைடு இன்னும் ஆழமாகச் சென்று, தொற்றுகளை எதிர்க்கும் நுரையீரலின் ஆற்றலைக் குறைக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை போல நாறும். ஆனால் பத்து இலட்சத்தில் 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போது மோப்ப நரம்பையே செயலிழக்கச் செய்துவிடும். கடும் நாற்றம் திடீரென நின்றுபோனால், ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்து அதே இடத்தில் நிற்கக் கூடாது.

எல்லோருக்கும் பாதிப்பு ஒரே அளவில் இல்லை. குழந்தைகள் தங்கள் உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். அவர்களுடைய நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை தமிழ்நாட்டிலேயே சான்று உள்ளது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்தில் நுண்துகள் அளவு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைவதும், எடை குறைந்த பிறப்புகள் 2 விழுக்காடு கூடுவதும் தெரியவந்தது. நான்கு கிராம் சிறிய எண்தான். ஆனால் ஓர் ஊரில் பிறக்கும் அத்தனை குழந்தைகளுக்கும் அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். இவர்களைத் தவிர, சாம்பல் அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலையிடத்தில் ஒரு முறையும் வீட்டில் ஒரு முறையும் என்று இரு மடங்கு சுவாசிக்கிறார்கள். குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தால், அவருடைய வேலை விவரத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

காற்றுத் தரக் குறியீட்டை வாசிக்கும் முறை

மத்திய வாரியத்தின் 'சமீர்' செயலியில் மணலி உள்ளிட்ட நிலையங்களின் குறியீட்டைப் பார்க்கலாம். 50 வரை நன்று, 100 வரை திருப்திகரம், 200 வரை மிதமானது, 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை என்பது வகைப்பாடு. நுண்துகளைப் பொறுத்தவரை குறியீடு 100 என்பது 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராமைக் குறிக்கும். இந்தியாவின் ஆண்டுச் சராசரி வரம்பு 40. உலக சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்தது 5. திருப்திகரம் என்ற சொல்லுக்கு இந்த இடைவெளியை மனத்தில் வைத்தே பொருள் கொள்ள வேண்டும்.

ஆலைப் பகுதியில் இந்தக் குறியீட்டை மட்டும் நம்ப முடியாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, சராசரி உச்சத்தை மறைத்துவிடும். 22 மணி நேரம் 30 மைக்ரோகிராமும் நள்ளிரவில் 2 மணி நேரம் 350 மைக்ரோகிராமும் இருந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 57க்கும் கீழேதான் வரும். குறியீடு திருப்திகரம் என்றே காட்டும். அந்த 2 மணி நேரத்தில் மூச்சுத்திணறிய குழந்தை எந்த எண்ணிலும் தெரியாது. கந்தக டை ஆக்சைடுக்கு உலக சுகாதார அமைப்பு 10 நிமிட வரம்பும் (500 மைக்ரோகிராம்) வைத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் நம் தேசியத் தரநிலையில் இருப்பவை 24 மணி நேர, ஆண்டு வரம்புகள் மட்டுமே. இரண்டாவது காரணம், பென்சீனும் ஹைட்ரஜன் சல்பைடும், கந்தகம் கலந்த நாற்றச் சேர்மங்களான மெர்காப்டன்களும் இந்தக் குறியீட்டின் கணக்கிலேயே சேர்வதில்லை. எனவே, செயலியில் ஒரே எண்ணைப் பார்த்து மூடிவிடாமல், மத்திய வாரியத்தின் இணையதளத்தில் அதே நிலையத்தின் மணிவாரி அளவுகளை எடுத்து, நாற்றம் வந்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நோட்டுப் புத்தகம்

இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி இதுதான். கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராம மக்கள் 2004இல் இதே வேலையைத் தொடங்கினார்கள். நாற்றத்தை வகை பிரித்து அறியவும், நேரத்தோடு குறித்து வைக்கவும், வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பவும் பயிற்சி பெற்றார்கள். 'நாறுகிறது' என்ற பொதுவான முறையீடு, எந்த நாளில் எந்த ஆலைப் பக்கமிருந்து என்ன வந்தது என்ற விவரமாக மாறிய பிறகுதான் அதிகாரிகளால் அதை ஒதுக்கிவிட முடியாமல் போயிற்று.

கோடு போட்ட, பக்க எண் இட்ட, தைத்த நோட்டாக வாங்க வேண்டும். கிழித்துச் சேர்க்கும் தாள்கள் நம்பகத்தன்மையைக் கெடுக்கும். ஒவ்வொரு பதிவிலும் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நின்ற இடம், காற்றின் திசை, நாற்றத்தின் தன்மை, அதன் கடுமை, வீட்டில் யாருக்கு என்ன தொல்லை ஏற்பட்டது என்பவை இருக்க வேண்டும். திசையை அறிய ஊதுபத்தியின் புகையோ, மாடியில் கட்டிய மெல்லிய துணிப்பட்டையோ போதும். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை எழுத வேண்டும். எங்கே போகிறது என்பதை எழுதிப் பலர் குழப்பிவிடுகிறார்கள். கடுமையைக் குறிக்க, வீட்டுக்கு வெளியே மட்டும் தெரிந்தால் 1, கதவைச் சாத்தியும் உள்ளே தெரிந்தால் 2, கண் எரிந்தாலோ இருமல் வந்தாலோ 3, தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ வாந்தி வந்தாலோ 4 என்று வைத்துக்கொள்வது எளிது.

நாற்றத்துக்குப் பெயர் வைப்பதில் அவசரம் கூடாது. அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம். கெட்டுப்போன முட்டைக்கோசு அல்லது சமையல் எரிவாயுக் கசிவு போன்ற வாடை மெர்காப்டனாக இருக்கலாம். பெட்ரோல் நிலையத்தின் இனிப்பு கலந்த வாடை கரிமச் சேர்மங்களைக் காட்டலாம். மூக்கைத் துளைக்கும் சிறுநீர் நெடி அம்மோனியாவாக இருக்கலாம். பட்டாசு வெடித்த பின் எழும் நெடி கந்தக டை ஆக்சைடைக் குறிக்கலாம். நோட்டில் எழுத வேண்டியது முட்டை, முட்டைக்கோசு, பெட்ரோல் என்ற அனுபவத்தை மட்டுமே; வாயுவின் பெயரை ஊகித்து எழுதினால், அந்த ஊகம் தவறிய ஒரு நாளை வைத்தே முழு நோட்டையும் தள்ளிவிடுவார்கள்.

நேர்மையாக எழுதுவதில் இன்னொன்றும் அடங்கும். நாற்றமே இல்லாத நாட்களையும் 'இன்று எதுவும் இல்லை' என்று குறிக்க வேண்டும். போகி அன்று விடியலில் எரித்த பழம்பொருள், தீபாவளிப் பட்டாசு, தெருமுனையில் யாரோ கொளுத்திய குப்பை, கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் எழுந்த புகை ஆகியவற்றை ஆலையின் கணக்கில் சேர்க்கக் கூடாது. எங்கள் தெருவில் தொடங்கிய நோட்டில் முதல் இரண்டு வாரமும் எல்லா நாளுக்கும் நாங்கள் கடுமை 4 என்று எழுதியிருந்தோம். கோபத்தில் எழுதியது அது. திரும்பப் படித்தபோது எங்களுக்கே அது நம்பும்படி இல்லை. அந்தப் பக்கங்களைக் கிழிக்காமல் அப்படியே விட்டு, மூன்றாம் வாரத்திலிருந்து இருவர் தனித்தனியே எழுதி ஒப்பிடும் முறைக்கு மாறினோம். மூன்று மாதத்தில், மேல்காற்று (மேற்கிலிருந்து வரும் காற்று) வீசும் பின்னிரவுகளில் மட்டுமே முட்டை நாற்றம் வருகிறது என்பது புலப்பட்டது.

மருத்துவச் சான்றும் நோட்டின் ஒரு பகுதியே. மூச்சுத்திணறலுக்காக மருத்துவமனைக்குச் சென்றால், எத்தனை மணிக்கு எந்த நாற்றத்துக்குப் பிறகு தொல்லை தொடங்கியது என்பதைச் சொல்லி, அதைப் புறநோயாளிச் சீட்டிலேயே எழுதித் தருமாறு மருத்துவரிடம் பணிவாகக் கேட்க வேண்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள், மூச்சை வெளியிடும் வேகத்தை ஊதி அளக்கும் சிறு கருவியைக் கொண்டு காலையும் மாலையும் அளவைக் குறித்து வந்தால், நாற்றம் வந்த நாளில் அந்த எண் இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

மூச்சைக் காத்துக்கொள்ளுதல்

முகக்கவசத்தைப் பொறுத்தவரை, துணிக் கவசமும் அறுவைச் சிகிச்சைக் கவசமும் நுண்துகளுக்குப் பெரிதாகப் பயன்படாது. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 கவசம் துகள்களைத் தடுக்கும், வாயுக்களைத் தடுக்காது. காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வாங்க வசதி உள்ளவர்கள் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதை வாங்கிப் படுக்கையறையில் வைக்கலாம். ஓசோனை வெளியிடும் கருவிகளைத் தவிர்க்க வேண்டும். செடி வளர்த்தால் காற்று தூய்மையாகும் என்று விற்பவர்களை இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம்.

செலவில்லாதவையே பெரிதும் உதவுகின்றன. நோட்டைப் பார்த்து எந்த நேரத்தில் காற்று கெடுகிறதென்று அறிந்து, அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்தி, கடற்காற்று சுத்தமாக வீசும் நேரத்தில் திறந்துவைக்க வேண்டும். நடைப்பயிற்சியையும் பிள்ளைகளின் விளையாட்டையும் அதற்கேற்ப மாற்றலாம். சாம்பல் படிந்த வீட்டைத் துடைப்பத்தால் பெருக்கினால் படிந்தது மீண்டும் பறக்கும்; ஈரத் துணியால் துடைப்பதே நல்லது. ஜன்னலைச் சாத்திய அறையில் கொசுவத்திச் சுருளையும் சாம்பிராணியையும் ஏற்றினால் வெளியே தடுத்ததை உள்ளே உண்டாக்கியதாகிவிடும், கொசுவலை போதும்.

ஆஸ்துமாவுக்கு மருத்துவர் இன்ஹேலர் எழுதித் தந்தால், அது பழகிப்போகும் என்று பயந்து நிறுத்திவிடும் வழக்கம் நம் வீடுகளில் பரவலாக உள்ளது. இன்ஹேலர் அடிமைப்படுத்தும் மருந்தல்ல. தேவையான இடத்துக்கே நேராகச் செல்வதால் மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதுமானது. நாள்தோறும் எடுக்கச் சொன்னதை நாற்றம் இல்லாத நாளிலும் எடுக்க வேண்டும். உடனடி நிவாரணத்துக்கான மற்றொன்றை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

பெருங்கசிவு நேரும் நாளுக்கான ஒழுங்கு தனி. எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் கண் எரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அத்தகைய நேரத்தில் காற்று போகும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்காக, பக்கவாட்டில் நகர வேண்டும். அம்மோனியா நீரில் நன்கு கரையும் என்பதால் நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது ஓரளவு காக்கும். கண்ணைக் குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். குளோரின் காற்றைவிடக் கனமானது. அது தாழ்வான இடங்களில் தேங்குமாகையால், வெளியேற வழியில்லாதவர்கள் மாடிக்குச் செல்வது நல்லது. ஆம்புலன்சுக்கு 108, தீயணைப்புக்கு 101, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 ஆகிய எண்களை நோட்டின் உள்ளட்டையில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். நெடி நின்ற பிறகும் ஒரு நாள் வரை மூச்சில் கவனம் தேவை. சில வாயுக்கள் நுரையீரலில் நீர் கோக்கச் செய்வதற்குப் பல மணி நேரம் ஆகும்.

எழுதியதைக் கொண்டுசெல்லுதல்

1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டத்தின்படி, ஒவ்வோர் ஆலையும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை பெற்றே இயங்க வேண்டும். எந்தப் புகைபோக்கியிலிருந்து எது எவ்வளவு வெளிவரலாம் என்பது அந்த ஆணையில் இருக்கும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்து அதன் நகலைப் பெறலாம். 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். பெரிய ஆலைகளின் புகைபோக்கிகளில் தொடர் அளவீட்டுக் கருவிகள் பொருத்தப்பட்டு, அவற்றின் எண்கள் வாரியத்துக்குச் செல்கின்றன. 'கடந்த ஆண்டின் எல்லா விவரங்களும்' என்று கேட்டால் மலைபோல வரும், அல்லது எதுவுமே வராது. நோட்டில் கடுமை 3, 4 என்று குறித்த ஐந்தாறு இரவுகளைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தேதிகளின் மணிவாரி அளவுகளையும் அந்த நாட்களில் ஆலையில் ஏற்பட்ட நிறுத்தங்கள் பற்றிய அறிக்கைகளையும் மட்டும் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் கருவியின் எண் உயர்ந்திருந்தால் நோட்டு மெய்ப்படுகிறது. அந்த நேரத்துக்கு மட்டும் பதிவே இல்லையென்றால் அதுவும் ஒரு செய்திதான்.

புகாரை வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து, அதன் நகலைத் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடமும் கொடுக்கலாம். ஒருவர் பெயரில் கொடுப்பதைவிட, ஆலையில் வேலைபார்க்கும் குடும்பங்களுக்கு நெருக்கடி வராத வகையில் குடியிருப்போர் சங்கத்தின் பெயரிலோ மீனவர் சங்கத்தின் பெயரிலோ கொடுப்பது நல்லது. புகாரில் கோபத்தைக் கொட்டாமல், நோட்டிலிருந்து ஒரு பக்க அட்டவணை, காற்றின் திசை குறித்த வரைபடம், மருத்துவச் சீட்டுகளின் நகல், என்ன செய்ய வேண்டும் என்ற தெளிவான கோரிக்கை ஆகிய நான்கையும் இணைக்க வேண்டும். 'ஆலையை மூடு' என்பதைவிட, 'பின்னிரவு 1 மணி முதல் 5 மணி வரை எங்கள் தெருவில் 10 நாட்கள் மாதிரி எடுத்து முடிவைத் தாருங்கள்' என்ற கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது கடினம்.

அங்கும் பயனில்லையென்றால், சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வை அணுகலாம். சிக்கல் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது அதற்கான பொது வரம்பு. இழப்பீடு கேட்பதற்கு 5 ஆண்டுகள். இதனால் நோட்டின் தேதிகள் சட்டப்படியும் முக்கியமாகின்றன. வாரியத்தின் விடைக்காகக் காத்திருந்தே இந்தக் காலத்தைக் கடத்திவிடக் கூடாது. மூல நோட்டை எந்த அலுவலகத்திலும் ஒப்படைக்கக் கூடாது. ஒளிநகலைக் கொடுத்து, இன்னொரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி, அதையும் நோட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும்.